“கறியில உப்பே இல்லையே”: டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“என்ன புள்ள, சொதியில உப்பே இல்லையே!” மட்டக்களப்புப் பக்கம் டயாலிசிஸ் (சிறுநீரகம் வேலை செய்யாததால் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்வது) செய்துகொள்பவர் இருக்கும் வீட்டில் இது பழகிப்போன பேச்சு. அதே சொதியை மற்றவர்கள் குடித்தால் உப்பு அளவாகத்தான் இருக்கும். இதைப் பிடிவாதம் என்று நினைத்து அவரை ஏசுவதுதான் முதல் தவறு.

சுவை மொட்டுகள் சரியாக வேலை செய்ய சிங்க் (துத்தநாகம்) சத்து வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகள் பலருக்கு இது குறைவாக இருக்கும். பசி மந்தம், மீனையும் இறைச்சியையும் குறைத்த சாப்பாடு எல்லாம் சேர்ந்து வரவைக் குறைத்துவிடும். சிங்க் குறைந்தால் நாக்கு மரத்ததுபோல் ஆகிவிடும். முன்பு போதுமாக இருந்த உப்பு இப்போது தெரியாது.

பாவம், கேட்கிறாரே என்று மாசிச் சம்பலையும் கருவாட்டுப் பொரியலையும் பக்கத்தில் வைக்கிறோம். வினையே அங்கேதான். உப்பு கூடினால் தாகம், தாகம் வந்தால் தண்ணீர். உடலில் தங்கும் 8, 9 கிராம் உப்பு ஏறக்குறைய 1 லீற்றர் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சிறுநீர் போகாதவருக்கு அது அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே கிடக்கும். அவ்வளவையும் சில மணி நேரத்தில் இறக்கும்போதுதான் பிரஷர் விழுகிறது, கால் கொரக்குப் பிடிக்கிறது. கருவாட்டை ஊறவைத்துக் கழுவினால் உப்பு குறையும், போய்விடாது.

சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்கிக் கொடுப்பது இதைவிட மோசம். அதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைட் இருக்கும். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றே போகலாம்.

அப்புறம், பாமசியில் சிங்க் மாத்திரை வாங்கித் தாமாகவே போடுவது. நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நீண்ட நாள் எடுத்தால் உடலில் செம்பு குறைந்து இரத்தசோகை வரலாம். ஏற்கனவே இரத்தம் குறைந்தவருக்கு இது தேவையா? சில அன்டிபயோட்டிக் மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டால் அந்த மருந்தும் சரியாக உடம்பில் சேராது. மாத்திரை போட்ட எல்லோருக்கும் சுவை திரும்புவதும் இல்லை. இரத்தத்தில் சேரும் கழிவு, வாய் வறட்சி, நாக்கில் பூஞ்சை, வேறு மருந்துகள் என்று சுவை கெட வேறு காரணங்களும் உண்டு. இரத்தப் பரிசோதனையில் சிங்க் குறைவு என்று வந்தாலும், அல்புமின் என்ற இரத்தப் புரதம் குறைந்திருந்தால் அந்த எண் தானாகவே இறங்கிக் காட்டும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்து டொக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

வாவி நண்டில் சிங்க் உண்டு என்று சட்டி சட்டியாக ஆக்குவதும் வேண்டாம். இவர்களுக்குக் கூடினால் ஆகாத பொஸ்பரசும் சேர்ந்தே வரும். எவ்வளவு சாப்பிடலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள்.

சமையலில் செய்யக்கூடியது இதுதான்: உப்பைக் குறைத்து, உள்ளி, மிளகு, கறிவேப்பிலையைக் கூட்டுங்கள். அடுப்பிலிருந்து இறக்கியபின் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விடுங்கள். அவருக்கு மட்டும் தனிச் சட்டி வைக்காமல் வீடு முழுக்க ஒரே கறி சாப்பிட்டால் முறைப்பாடும் குறையும். சில வாரங்களில் நாக்கு ஓரளவு பழகிவிடும்; அதுவரை ஊறுகாய்ப் போத்தலை மேசையில் வைக்காதீர்கள்.