கோஹாவில் உறுப்பினர் பதிவுக்குக் கூடுதல் புலங்கள் சேர்ப்பது எப்படி?

இறுதியாண்டுத் தேர்வு நெருங்கும்போது கல்லூரி நூலகத்துக்கு வரும் கேள்வி ஒன்று உண்டு: "மெக்கானிக்கல் கடைசி வருஷப் பசங்கள்ல யாரெல்லாம் இன்னும் புத்தகம் திருப்பித் தரல? நோ டியூ போடணும், லிஸ்ட் குடுங்க." நூலக மேலாண்மை மென்பொருளான கோஹாவின் உறுப்பினர் படிவத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி, தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். துறை இருக்காது, சேர்ந்த ஆண்டும் இருக்காது. 1999-இல் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா பொது நூலகங்களுக்காக எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. பொது நூலக வாசகருக்குத் துறை ஏது? நமக்கு வேண்டிய புலங்களை, அதாவது தகவல் நிரப்பும் பெட்டிகளை, நாமே சேர்த்துக்கொள்ள அதில் வழி இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கணினியில் கை வைக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இந்தப் புலம் வேண்டும், அதைக் கேட்பவர் யார் என்று எழுதுங்கள். துறை: நோ டியூ பட்டியலுக்கும், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது துறைவாரிப் பயன்பாட்டைக் காட்டவும். சேர்ந்த ஆண்டு: படிப்பு முடித்தவர்களைப் பிரித்தெடுக்க. பல்கலைக்கழகப் பதிவு எண்: ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும்போது ஆளை அடையாளம் காண. கேள்வி எழுதமுடியாத புலத்தை அடித்துவிடுங்கள். சாதி, ஆதார் எண், பெற்றோர் வருமானம் போன்றவை நூலகத்துக்கு எதற்கும் பயன்படாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் பெற்றுத் திரட்டும் தகவல் சொன்ன நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிற்க வேண்டும் என்கிறது. முதலாண்டு மாணவர்களில் 18 வயது நிரம்பாதவர்கள் பலர். அந்தச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் குழந்தைகள். நம்மை நம்பித் தரும் தகவலைக் குறைவாகக் கேட்பதுதான் அவர்களுக்கு நாம் தரும் முதல் மரியாதை.

படி 1: இருப்பதைப் பாருங்கள்

உறுப்பினர் படிவத்தில் சார்ட் 1 (Sort 1), சார்ட் 2 (Sort 2) என்று இரண்டு புலங்கள் ஏற்கெனவே உண்டு. புள்ளிவிவரத்துக்காக வைத்தவை. தேவை ஒன்றிரண்டோடு முடிந்துவிடும் என்றால் அவையே போதும். அதற்கு மேல் போகும்போதுதான் கீழே உள்ளவை.

படி 2: வசதியைத் திறந்துவிடுங்கள்

அட்மினிஸ்ட்ரேஷன் பக்கத்தில் சிஸ்டம் பிரிஃபரன்ஸஸ் போய், எக்ஸ்டெண்டட் பேட்ரன் ஆட்ரிப்யூட்ஸ் (ExtendedPatronAttributes) என்று தேடுங்கள். பேட்ரன் என்றால் உறுப்பினர், ஆட்ரிப்யூட் என்றால் கூடுதல் புலம். அதை இயக்கிச் சேமியுங்கள். இந்தப் பக்கங்கள் உங்களுக்குத் திறக்கவில்லையென்றால் உங்கள் கணக்குக்கு அனுமதி இல்லை என்று பொருள். கோஹாவை நிர்வகிப்பவரிடம் கேளுங்கள்.

படி 3: தேர்வுப் பட்டியலை முதலில் செய்யுங்கள்

பலரும் இதைத் தாண்டிப்போய்விடுகிறார்கள். துறை என்ற புலத்தை வெறும் எழுத்துப் பெட்டியாக விட்டால் ஒருவர் 'மெக்' என்பார், இன்னொருவர் 'மெக்கானிக்கல்' என்பார், மூன்றாமவர் பின்னால் ஓர் இடைவெளியையும் சேர்த்துத் தட்டுவார். கணினிக்கு அவை மூன்று துறைகள். ஆகவே விடைகள் எண்ணிக்கையில் அடங்கும் எதற்கும் பட்டியல் போட்டுவிடுங்கள்.

அட்மினிஸ்ட்ரேஷனில் ஆதரைஸ்டு வேல்யூஸ் பக்கத்தில் புதிய வகை ஒன்றை உருவாக்குங்கள். வகையின் பெயர் இடைவெளியோ சிறப்புக் குறிகளோ இல்லாமல் ஆங்கில எழுத்துகளில் இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு துறையாகச் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகுதிகள்: சேமிக்கப்படும் குறியீடு, திரையில் தெரியும் விளக்கம். உறுப்பினர் பதிவில் உட்காருவது குறியீடுதான். துறை நாளைக்குப் பெயர் மாறினால் விளக்கத்தை மட்டும் திருத்துங்கள், எல்லாப் பதிவிலும் புதுப் பெயர் தெரியும். குறியீட்டை மாற்றினால் பழைய பதிவுகள் பழைய குறியீட்டோடு அநாதையாக நிற்கும். ஆகவே குறியீட்டைத் தேர்வுசெய்யும்போது பொறுமை வேண்டும்.

படி 4: புலத்தை உருவாக்குங்கள்

இனி பேட்ரன் ஆட்ரிப்யூட் டைப்ஸ் பக்கம். புதியது என்பதைச் சொடுக்கினால் ஒரு நீண்ட படிவம் வரும். குறியீடும் விளக்கமும் கொடுத்தபின் வருகிற இரண்டு டிக் பெட்டிகளில் நிதானியுங்கள். ஒன்று ரிப்பீட்டபிள்: ஒரே உறுப்பினருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பு இருக்கலாமா? மற்றது யூனிக் ஐடென்டிஃபையர்: ஒரு மதிப்பு ஒருவருக்கு மட்டும்தானா? புலத்தை உருவாக்கி மதிப்புகளை ஏற்றிய பிறகு இந்த இரண்டையும் மாற்றுவது சிக்கல். துறைக்கும் சேர்ந்த ஆண்டுக்கும் இரண்டுமே வேண்டாம். பதிவு எண்ணுக்கு யூனிக் வேண்டும்.

புதிய பதிப்புகளில் மேண்டேட்டரி என்றும் ஒரு பெட்டி உண்டு. பதிவு எண்ணுக்கு அதை டிக் செய்யாதீர்கள். சேர்க்கை முடிந்து நூலக அட்டை கொடுத்துப் பல வாரங்கள் கழித்தே பல்கலைக்கழகம் பதிவு எண் தரும். கட்டாயமாக்கினால் கவுன்ட்டரில் இருப்பவர் அட்டை போட வழியில்லாமல் ஏதாவது ஒரு போலி எண்ணைத் தட்ட நேரும். துறைக்குக் கட்டாயம் என்று வைக்கலாம். அப்போது மாணவர் என்ற உறுப்பினர் வகைக்கு மட்டும் அந்தப் புலத்தைப் பொருத்துங்கள், ஆசிரியர் அல்லாத பணியாளர் படிவத்தில் அது வந்து நிற்காது.

சர்ச்சபிள் டிக் செய்தால் ஊழியர் தேடலில் அந்த மதிப்பைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம். ஓபாக்கில் (வாசகர்கள் பயன்படுத்தும் நூலக இணையப் பக்கம்) காட்டுவது என்ற பெட்டி, மாணவர் தன் கணக்கில் நுழையும்போது அதைப் பார்க்கலாமா என்பதற்கு. என் கருத்து: காட்டுங்கள். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால்தான் பிழையை அவர் சொல்லமுடியும். கடைசியாக, படி 3-இல் செய்த பட்டியலை ஆதரைஸ்டு வேல்யூ கேட்டகரியில் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்.

படி 5: மதிப்புகளை ஏற்றுங்கள்

ஓரிருவர் என்றால் பதிவைத் திறந்து தட்டலாம். ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரே துறை என்றால் டூல்ஸ் பக்கத்தின் பேட்ச் பேட்ரன் மாடிஃபிகேஷன் போதும். அட்டை எண்களை ஒட்டி, புலத்தையும் மதிப்பையும் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஆளுக்கு ஆள் மாறும் பதிவு எண்ணுக்குத்தான் சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) வேண்டும். அதில் கூடுதல் புலங்கள் எல்லாம் ஒரே நெடுவரிசையில் போகும்: புலக் குறியீடு, முக்காற்புள்ளி, மதிப்பு, அடுத்த புலத்துக்குமுன் காற்புள்ளி.

இங்கே எக்செல் காலை வாரும். அண்ணா பல்கலைக்கழகப் பதிவு எண் 12 இலக்கம். தனி எண்ணாக ஒரு கட்டத்தில் இட்டால் எக்செல் அதை அறிவியல் குறிமுறைக்குச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். வகுப்பே ஒரே எண்ணாகிவிட்டால் யூனிக் புலம் முதல் ஆளுக்குப் பின் யாரையும் ஏற்காது. எண்ணை ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். தமிழ்ப் பெயர்கள் இருந்தால், எழுத்துகள் சிதையாமலிருக்க யூடிஎஃப்-8 (UTF-8) சிஎஸ்வியாகச் சேமிப்பதும் அவசியம்.

ஏற்றும் பக்கத்தில், ஏற்கெனவே உள்ள உறுப்பினரின் கூடுதல் புலங்களை என்ன செய்வது என்று கோஹா கேட்கும். எல்லாவற்றையும் மாற்று என்பதைத் தேர்ந்தால், கோப்பில் இல்லாத புலங்களின் மதிப்புகளும் அழியும். கோப்பில் உள்ளவற்றை மட்டும் மாற்று என்பதே நமக்கு வேண்டியது. முதலில் ஐந்தாறு வரிகள் மட்டும் உள்ள கோப்பை ஏற்றி, அந்தப் பதிவுகளைத் திறந்து பார்த்தபிறகு முழுக் கோப்பையும் ஏற்றுங்கள்.

படி 6: பட்டியல் எடுங்கள்

எஸ்க்யூஎல் (SQL, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) ரிப்போர்ட் எழுதும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். இந்த மதிப்புகள் உறுப்பினர் அட்டவணையில் இல்லை. தனி அட்டவணையில், மதிப்புக்கு ஒரு வரி என்ற கணக்கில் இருக்கின்றன. இரண்டு அட்டவணைகளையும் இணைக்கச் சாதாரண ஜாயின் (JOIN) போட்டால் துறை நிரப்பாத மாணவர் பட்டியலிலிருந்தே மறைந்துபோவார். புத்தகம் அவரிடம்தான் இருக்கும்! லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN) போடுங்கள். புலக் குறியீட்டுக்கான நிபந்தனையை ஆன் (ON) பகுதியிலேயே எழுதுங்கள். வேர் (WHERE) பகுதிக்குக் கொண்டுபோனால் அவர் மறுபடி காணாமல் போவார். துறை காலியாக இருப்பவர்களை மட்டும் காட்டும் தனி ரிப்போர்ட் ஒன்றையும் சேமித்து, நோ டியூ வேலை தொடங்கும் முன் அதை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

ஒரு புலம் இனி வேண்டாம் என்றால், யாருடைய பதிவிலாவது அதில் மதிப்பு இருக்கும்வரை கோஹா அழிக்க விடாது. முதலில் மதிப்புகளை ரிப்போர்ட்டாக எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு பேட்ச் மாடிஃபிகேஷனில் அட்டை எண்களைக் கொடுத்து, அந்தப் புலத்துக்கு எதிரே உள்ள அழிக்கும் பெட்டியை டிக் செய்து காலியாக்குங்கள். அதன்பின் ஆட்ரிப்யூட் டைப்ஸ் பக்கத்தில் புலத்தை நீக்கலாம்.