காணொளியில் கேட்ட ஆங்கிலச் சொல் நாவில் தங்குவதற்கு

"இரண்டு மணி நேரம் யூடியூபில் இங்கிலீஷ் பார்த்தேன் சார், ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லும்போது, சேலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. நேரத்தைச் செலவிடும் முறைதான் மாற வேண்டும். சொல் கற்பதற்கு மூன்று நிமிடக் காணொளி ஒன்றே ஒரு மாலைப் பொழுதுக்குப் போதும்.

உங்களுக்கு முன்பே பழக்கமான பொருளைப் பற்றிய காணொளியைத் தேர்ந்தெடுங்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வளரும் பிள்ளை, காப்பி பதப்படுத்துவதைக் காட்டும் ஆங்கிலக் காணொளியைப் பார்த்தால், சிவந்த பழங்களை மட்டும் பறிக்கும் கை திரையில் தெரியும்போதே 'ரைப்' என்பதன் பொருள் விளங்கிவிடும். களத்தில் கொட்டைகளைக் கிளறிவிடும் காட்சியோடு 'டிரை' வந்து சேரும். வீட்டில் தமிழில் நன்கு அறிந்த வேலைக்கு ஆங்கிலப் பெயர் மட்டுமே புதிது என்பதால் அகராதியைத் தேட வேண்டியதில்லை. பொதுவான ஆங்கிலத்துக்கு, பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் வழங்கும் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நல்ல தொடக்கம்; ஒரு மாலைக்கு அதில் பாதியே போதும்.

முதல்முறை எழுத்துரை (சப்டைட்டில்) இல்லாமல் கேளுங்கள். இரண்டாம் முறை ஆங்கில எழுத்துரையோடு பாருங்கள். தமிழ் எழுத்துரை வேண்டாம், ஏனெனில் கண் தமிழை வாசிக்கத் தொடங்கியதும் காது ஆங்கிலத்தைக் கைவிட்டுவிடும். தானியங்கி எழுத்துரையை முழுமையாக நம்பவும் கூடாது: காப்பிக் கொட்டையைக் குறிக்கும் 'பீன்' (bean), ஒலி ஒன்றுபோல் இருப்பதால், வேறொரு 'பீன்' (been) உடைய எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கலாம்.

மூன்றாம் முறை ஐந்து சொற்களை மட்டும் பிடியுங்கள். செல்பேசியில் திரையின் இடப்பக்கத்தை இருமுறை தட்டினால் யூடியூப் பத்து நொடி பின்னே செல்லும், வேகத்தை 0.75 ஆகக் குறைத்து, பேசுபவரோடு சேர்ந்து உரக்கச் சொல்லுங்கள். நாம் 'வெஜிடேபிள்' என்று நீட்டிச் சொல்லும் சொல்லை அவர்கள் 'வெஜ்டபிள்' என்று சுருக்கி ஒலிப்பதைக் குறிப்பேடு ஒருபோதும் சொல்லித்தராது. காணொளியின் பெரும் பயன் இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

எழுதும்போது சொல்லைத் தனியே எழுதாமல் அதன் துணையோடு எழுதுங்கள். மழை கனத்தால் நாம் கனமழை என்கிறோம், ஆங்கிலமும் 'ஹெவி ரெயின்' என்கிறது. அடர்ந்த மூடுபனியோ அங்கே 'திக் ஃபாக்' ஆகிறது. இத்தகைய இணைகளை எப்போதும் மொழிபெயர்த்து ஊகிக்க முடியாது, கேட்டுத்தான் பழக வேண்டும். பிறகு உங்கள் ஊரை வைத்து ஒரு வாக்கியம் அமையுங்கள்: சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சொல்ல 'ஹேர்பின் பெண்ட்' வேண்டும், அவற்றில் பேருந்து மெதுவாகத் திரும்புவதைச் சொல்ல ஒரு வினைச்சொல்லும் வேண்டும்.

கற்றதில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே மறந்துவிடுகிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இல் தம்மையே சோதித்துக் காட்டினார். எனவே அதே ஐந்து சொற்களை மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் குறிப்பேட்டை மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள். தடுமாறும் சொல்லுக்கு மட்டும் காணொளியின் அந்தப் பத்து நொடியைத் திரும்பக் கேளுங்கள். மலைக் கிராமங்களில் சிக்னல் கிடைக்காத வீடுகளில் இருப்பவர்கள், சேலத்துக்கு இறங்கும் நாளிலேயே அந்த வாரத்துக்குரிய இரண்டு காணொளிகளைச் செயலியில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.