துணிக்கடை சேலில் கோடைச் செருப்பு வாங்குவது எப்படி?

துணிக்கடைக்குச் செருப்பு பக்க வியாபாரம்தான். ஒரு மாடலில் நடு சைஸ்கள் தீர்ந்து ஓரத்துச் சைஸ்கள் மட்டும் மிஞ்சினால், பெரும்பாலும் அதைத் திரும்ப வரவழைக்க மாட்டார்கள். அடுத்த பருவத்துச் சரக்குக்கு ரேக் காலியாக வேண்டும், அதனால் விலையை வெட்டுவார்கள். ஆகவே தள்ளுபடி சதவீதத்தை விட்டுவிட்டு உங்கள் சைஸிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

1. நாள். கோடை பாதி ஓடியதும் முதல் வெட்டு விழும். புதுப் பருவத் துணி கடைக்குள் நுழையும்போது அடுத்தது. எல்லோரும் போடும் நடு சைஸ் உங்களுடையது என்றால் முதல் வெட்டிலேயே எடுத்துவிடுங்கள். மிகச் சிறிய, மிகப் பெரிய பாதக்காரர்கள் தைரியமாகக் காத்திருக்கலாம்.

2. அளவு. சாயங்காலம் அளங்கள், பாதம் அப்போது சற்று உப்பியிருக்கும். குதிகாலைச் சுவரில் ஒட்டி, காகிதத்தின் மேல் எழுந்து நின்று, நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள் (சிலருக்கு அது இரண்டாவது விரல்). இரண்டு கால்களையும் அளந்து பெரியதை வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய எண் ஒன்று கூடினால் 6.67 மி.மீ.; பிரிட்டிஷ் எண் ஒன்று கூடினால் 8.47 மி.மீ. இரண்டும் சரியாகப் பொருந்தவே பொருந்தாது. அதனால்தான் கடைக்குக் கடை மாற்று அட்டவணை வேறாக இருக்கிறது. செ.மீ. போட்டிருக்கும் அட்டவணையை மட்டும் நம்புங்கள். எஸ், எம், எல் என்று வரும் ரப்பர் செருப்பில் ஒரு எழுத்துக்குள் இரண்டு எண்கள் அடங்கும். இரண்டில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

3. தேடல். துணிக்கடைத் தளங்களில் செருப்பு பல நேரம் 'ஆக்சஸரீஸ்' பிரிவுக்குள் ஒளிந்திருக்கும். முதலில் சைஸ் ஃபில்டர், அப்புறம் விலை ஏறுவரிசை. 'தள்ளுபடி அதிகம்' என்ற வரிசை வேண்டாம். ஏற்றி எழுதிய எம்ஆர்பிக்குத்தான் அது மரியாதை செய்யும்.

4. கணக்கு. 50% போக மேலும் 20% என்றால் 70% இல்லை. 100 முதலில் 50 ஆகும், அந்த 50-இல் 20% போனால் 40. மொத்தத் தள்ளுபடி 60%தான். டெலிவரி கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

5. சோல். பலர் சறுக்குவது இங்கேதான். பாலியூரித்தேன், அதாவது பியூ சோல், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உள்ளுக்குள்ளேயே சிதையும். ஒருநாள்கூடப் போடாமல் பெட்டியில் கிடந்தாலும் சரி, சில வருடங்களில் பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். பழைய பருவச் சரக்கில் இந்த ஆபத்து அதிகம். சோலை நன்றாக வளைத்து, ஓரத்தில் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகத்தில் ஒட்டினாலோ துகள் உதிர்ந்தாலோ அங்கேயே வைத்துவிடுங்கள். ஐரோப்பிய லேபிளில் வரும் டயமண்ட் குறிக்கு 'மற்ற பொருள்' என்று மட்டுமே அர்த்தம். அதை வைத்து ரப்பரா பியூவா என்று சொல்ல முடியாது. என் ஓட்டு ரப்பருக்கும் ஈவிஏவுக்கும்தான் (ஈவிஏ என்பது லேசான நுரை பிளாஸ்டிக்). ஈவிஏவை மட்டும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், சூட்டில் சுருங்கிவிடும்.

6. ஜோடி. ஒன்று காட்சிக்கு வைத்து வெளுத்திருக்கும், அல்லது இரண்டிலும் எண் வேறாக இருக்கும். இரண்டு அடிப்பக்கங்களையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். வாரை அது சோலுக்குள் நுழையும் இடத்தில் இழுத்துப் பாருங்கள். பசையில் கீறல் தெரிந்தால் வேண்டாம்.

பின்சேர்க்கை: 'ஃபைனல் சேல்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். பணம் கட்டும் முன் ரிட்டர்ன் விதியைத் திறந்து, கிளியரன்ஸ் பொருளுக்குத் தனி நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றித் தருவோம் என்று இருந்தாலும் உங்கள் சைஸ் கையிருப்பில் இருந்தால்தான் மாற்ற முடியும்.