ஊஞ்சல் பலகைக்குச் சாண்டர் போடுவது எப்படி? முதல் முறை கையில் எடுப்பவர்களுக்கு

எங்கள் வீட்டுத் தேக்கு ஊஞ்சலில், சரியாக உட்காரும் இடத்தில், தேங்காய் மூடி அகலத்துக்கு லேசான பள்ளம் ஒன்று இருக்கிறது. நான் போட்டதுதான். எண்ணெய்க் கறை போகவில்லையே என்று சாண்டரை (உப்புத்தாள் மாட்டி மரத்தைத் தேய்க்கும் மெஷினை) அந்த இடத்திலேயே வைத்து அழுத்தினேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. வார்னிஷ் காய்ந்த பிறகு, சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுந்தபோது பளிச்சென்று தெரிந்தது. நீங்களும் அப்படி ஒரு பள்ளம் போட வேண்டாம்.

எந்த மெஷின்?

பெல்ட் சாண்டர் மரத்தை அசுர வேகத்தில் தின்றுவிடும். பழகாத கைக்கு வேண்டாம். சதுர அடித்தட்டு உள்ளது மூலைகளுக்கு நல்லது, ஆனால் மெதுவானது. நமக்குத் தோது 5 அங்குல வட்டத் தட்டு உள்ள ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர். இதன் தட்டு சுற்றவும் செய்யும், சில மில்லிமீட்டர் அளவுக்கு ஆடவும் செய்யும். இரண்டும் சேர்வதால் உப்புத்தாளின் துகள் போன தடத்திலேயே திரும்பப் போகாது, ஆழமான கீறலும் விழாது.

“வீட்டில் ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறதே, அதில் உப்புத்தாள் வட்டு மாட்டினால் போதாதா?” என்று பலர் கேட்கிறார்கள். போதாது. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். லேசாகச் சாய்ந்தாலும் அரை நிலா வடிவத்தில் குழி விழும்.

தாளின் நம்பர்

80, 120, 180, 220 என்று நான்கு நம்பர்களில் வாங்குங்கள். நம்பர் கூடக் கூடத் துகள் சிறியது. 80-இன் துகள் ஏறக்குறைய 0.2 மி.மீ., 120-இல் அது 0.125 மி.மீ. பழைய வார்னிஷை எடுப்பது 80-இன் வேலை. அதற்கு அடுத்து வரும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரே வேலைதான்: முந்தைய தாள் போட்ட கீறலை அழிப்பது. 80-இலிருந்து நேராக 220-க்குத் தாவினால், அந்தப் பொடித் துகள்கள் கீறலின் மேட்டை மட்டும் மெருகேற்றும், பள்ளம் அப்படியே கிடக்கும். வார்னிஷ் அடித்ததும் அத்தனையும் சுருள் சுருளாகக் காட்டிக்கொடுக்கும். புது மரம் என்றால் 120-இல் ஆரம்பித்தாலே போதும்.

தொடங்கும் முன்

மாஸ்க் கட்டாயம். துண்டைக் கட்டிக்கொள்வது கணக்கில் வராது, என்95 போடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே வகைப்படுத்தியிருக்கிறது. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். தொங்கும் துப்பட்டாவும் லுங்கியும் வேண்டாம்.

பலகையில் பழைய எனாமல் பெயின்ட் இருந்தால் மெஷினைத் தொடவே வேண்டாம். வீட்டுப் பெயின்ட்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கை (90 பிபிஎம்) தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டைத் தூளாக்கிக் காற்றில் விட்டால், முதலில் பாதிக்கப்படுவது வீட்டுக் குழந்தைகள்தான்.

பிளைவுட் பலகையா? மேலே ஒட்டிய தேக்குத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. 180 நம்பர் தாளைக் கையாலேயே மெதுவாகத் தேயுங்கள்.

சரி, இனி வேலை

பலகையைக் கழற்றி மொட்டை மாடியிலோ திண்ணையிலோ ஆடாமல் வையுங்கள். ஆணி, திருகு ஏதாவது தலை நீட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் தாள் கிழியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தாளை ஒட்டுங்கள். தாளின் ஓட்டைகள் தட்டின் ஓட்டைகளோடு நேராக இருக்க வேண்டும். தூசி அந்த வழியாகத்தான் மெஷினின் தூசிப் பைக்குப் போகும்.

அப்புறம் பென்சிலால் பலகை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்குங்கள். கோடு எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே சாண்டர் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். எல்லாக் கோடும் மறைந்ததும் அடுத்த நம்பர். தாளை மாற்றும் ஒவ்வொரு முறையும் தூசியைத் துடைத்துவிட்டு மறுபடி கிறுக்குங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

மெஷினைப் பலகை மேல் தட்டையாக வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். வயர் தோள் மேல் கிடக்கட்டும். கை, மெஷினை வழிநடத்த மட்டும்; அழுத்தம் அதன் சொந்த எடையே போதும். அழுத்தினால் தட்டு சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். தட்டின் ஓரத்தில் ஒரு மார்க்கர் கோடு போட்டுவைத்தால், அது சுற்றுகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். மர ரேகையின் போக்கிலேயே, நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்துங்கள். பாய் முடைவதுபோல ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடட்டும். ஓரத்துக்கு வரும்போது தட்டின் பாதிக்கு மேல் எப்போதும் மரத்திலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் விளிம்பு மழுங்கிவிடும்.

கறை போகவில்லையா? விட்டுவிடுங்கள், அல்லது சுற்றி ஓர் அடி அகலத்துக்குச் சேர்த்தே தேயுங்கள். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

கை மரத்துப்போனால் நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள்.

180 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள். மர நார்கள் சிலிர்த்து எழும். 220 நம்பர் தாளைக் கையால் லேசாக ஓட்டினால் அடங்கிவிடும். தூசிப் பையை அன்றே வெளியில் கொட்டுங்கள், பழைய வார்னிஷ் கலந்த தூள் குவிந்து கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வார்னிஷ் அடிக்கும்போது பலகையின் அடிப்பக்கத்தையும் மறக்காதீர்கள். மேலே மட்டும் அடித்தால், ஒரு மழைக்காலம் போதும், பலகை வளைந்துகொள்ளும்.