பட்டாளத்துக்காரர் குடும்பங்களுக்காக ஓடுகிறவர்களுக்கு மரியாதை செய்வது எப்படி

நம்ம குமரி மாவட்டத்தில் பட்டாளத்தில் இருந்து வந்தவர் ஒருவர்கூட இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். அவர்களுக்காகச் சம்பளம் இல்லாமல் ஓடுகிறவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். படுக்கையில் கிடக்கிற பழைய ஹவில்தார் வீட்டுக்கே போய், அவர் முகத்தைப் போனில் காட்டி, பென்ஷன் நிற்காமல் வருவதற்கான ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் வாழ்நாள் சான்று எடுத்துக் கொடுப்பார்கள். பட்டாள பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தின் பாஸ்வேர்டு மறந்தவருக்கு உட்கார்ந்து சரிசெய்து தருவார்கள். பட்டாள ரெக்கார்டில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் பெயர் இருப்பதால் குடும்ப பென்ஷன் கிடைக்காமல் தவிக்கிற அம்மாவோடு தாலுகா ஆபீசுக்கும் பேங்குக்கும் நடப்பார்கள். இவர்களுக்கு ஒரு பாராட்டு விழா நடத்த நினைக்கிற சங்கத்தினருக்கும் ஊர்க்காரர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேதி. முன்னாள் படைவீரர் தினம் ஜனவரி 14. ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953-ல் ஓய்வுபெற்ற நாள். நல்ல நாள்தான், ஆனால் போகி, பொங்கலோடு வந்து விழும், ஆள் சேராது. டிசம்பர் 5 உலகத் தன்னார்வலர் தினம், டிசம்பர் 7 கொடிநாள், இரண்டும் ஒரே வாரத்தில் வருகிறது. பெரும்பாலானவர்கள் வாழ்நாள் சான்று கொடுக்கிற நவம்பர் அலைச்சலும் அப்போதுதான் முடிந்திருக்கும், கிறிஸ்துமஸ் வேலை சூடுபிடிக்கவும் கொஞ்சம் நாள் இருக்கும். அதனால் என் வோட்டு அந்த வாரத்துச் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு. காலையில் வைத்தால் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் வர முடியாது, ஞாயிறு என்றால் பாதிப் பேர் சர்ச்சில் இருப்பார்கள். மழைக்காலம், 2017-ல் ஒக்கி புயல் வந்ததும் இதே சமயத்தில்தான், எனவே மைதானத்தில் பந்தல் போட யோசிக்காமல் மண்டபமோ பள்ளி ஹாலோ பாருங்கள்.

அப்புறம் யாரைக் கௌரவிப்பது என்பது. இதில்தான் நிறைய விழாக்கள் கெட்டுப்போகின்றன. சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயரை மேலிருந்து எழுதிக்கொண்டே வந்தால் உண்மையில் ஓடினவர் அந்த லிஸ்டில் இருக்கமாட்டார். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ் பாலிகிளினிக்கில் டோக்கனுக்குக் காத்திருக்கிற வயதானவர்களிடம் கேளுங்கள்: "உங்களை இங்க யாரு கூட்டிட்டு வந்தா? ரெஃபரல் பேப்பரை யாரு வாங்கித் தந்தா?" திருவனந்தபுரம் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்களிடமும் கேளுங்கள். காசு வாங்காத ஆட்டோக்காரர், இ-சேவை மையத்தில் இருக்கிற பிள்ளை, தன் வீட்டுக்காரர் பென்ஷனுக்கு அலைந்து கற்றுக்கொண்டு இப்போது பத்துப் பேருக்கு வழிசொல்கிற அக்கா என்று அவர்கள் வாயிலிருந்து வருகிற பெயர்கள்தான் உங்களுக்கு வேண்டியவை.

பெயர் கிடைத்ததும் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வரி எழுதுங்கள், தமிழில். "தன்னலமற்ற சேவையைப் பாராட்டி" என்று எல்லாருக்கும் ஒரே வாசகத்தை அச்சடித்துக் கொடுக்காதீர்கள், வீட்டுக்குப் போனதும் அது அலமாரி மேலே போய்விடும். எந்த ஊரில், என்ன வேலை, எப்படிச் செய்தார் என்று இருக்கணும். ஆனால் உதவி பெற்ற குடும்பத்தின் நோய், பென்ஷன் தொகை, வீட்டுத் தகராறு எதுவும் மேடையில் வரக்கூடாது. குடும்பத்தின் பெயரைச் சொல்வதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். போட்டோவுக்கும் அதே விதிதான்.

சான்றிதழைக் கொடுப்பது யார்? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலக அதிகாரியைக் கண்டிப்பாக அழையுங்கள், முன்வரிசையில் உட்கார வையுங்கள், இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். கையில் கொடுப்பது மட்டும் உதவி வாங்கின மனிதராக இருக்கட்டும். போரில் கணவரை இழந்த அம்மா ஒருவர், தனக்காக அலைந்த பையன் கையில் அதைக் கொடுக்கும்போது அங்கே வேறு பேச்சே தேவைப்படாது. அவரால் படியேற முடியாது என்றால் மேடையே வேண்டாம், கீழே வைத்துக் கொடுங்கள்.

பொன்னாடை ஆளுக்கு ஒன்று போதும். மாலை வேண்டுமென்றால் தோவாளை பூச்சந்தையில் முந்தின நாளே சொல்லிவையுங்கள். பரிசாக நல்ல மழைக்கோட்டு, பவர் பேங்க் மாதிரி அவர் வேலைக்கு உதவுகிற எதையாவது வாங்குங்கள். மெடல் மாதிரி ரிப்பன் கோத்து நெஞ்சில் குத்திவிடுவது மட்டும் வேண்டாமே, அது பட்டாளத்தில் வாங்கினவர்களுக்கு உரியது. பெட்ரோல் செலவைச் சங்கம் தர முடியும் என்றால் தனியாக, கவரில், மேடைக்கு வெளியே. சிலர் வாங்க மாட்டார்கள், வற்புறுத்த வேண்டாம்.

டீயும் முந்திரிக்கொத்தும் ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுங்கள், சுகர் உள்ளவர்களுக்குச் சுண்டல். மொத்தமும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம், தூரத்து ஊர்க்காரர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்.

வர முடியாமல் போனவர் வீட்டுக்கு அந்த வாரத்துக்குள் இரண்டு பேராகப் போய்ச் சான்றிதழைக் கொடுங்கள், கூடவே ஒரு பட்டாளத்துக்காரரையும் கூட்டிக்கொண்டு. அடுத்த நவம்பருக்கு எந்த ஊருக்கு ஆள் குறைகிறது என்று சான்றிதழ் வாங்கினவரிடமே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.