பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லையா? காலையிலிருந்து தொடங்குங்கள்

என் மூத்தவனுக்கு 16 வயது, பிளஸ் ஒன். போன தை, மாசி இரண்டு மாதமும் ராத்திரி ஒரு மணிக்கு முன்னால் அவன் தூங்கியதே இல்லை. ஏழரைக்குப் பள்ளிக்கூட பஸ், அதற்குள் அவனை எழுப்பிக் கிளப்புவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். தேவிபட்டினத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. வீட்டுக்காரர் நண்டு வலைக்குப் போகிறவர், ஒன்பது மணிக்கெல்லாம் தெருவே அடங்கிவிடும். செல்போன்தான் காரணம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், நானும் அதைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் வைத்தேன். அப்படியும் இருட்டில் கூரையைப் பார்த்தபடி புரண்டுகொண்டே கிடந்தான். ஒருநாள், "நான் வேணும்னே முழிச்சிருக்கேன்னு நெனைக்கிறியாம்மா?" என்று கேட்டுவிட்டான். அவன் குரல் உடைந்திருந்தது. அன்றிலிருந்துதான் திட்டுவதை விட்டுவிட்டு என்ன ஏது என்று தேட ஆரம்பித்தேன்.

தெரிந்துகொண்டது இதுதான். தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்கிற மெலடோனின் என்ற ஹார்மோன், வயசுக்கு வருகிற பருவத்தில் முன்பைவிட ஒன்று, இரண்டு மணி நேரம் பிந்தித்தான் சுரக்கத் தொடங்குகிறது. அதனால் பத்து வயதில் எட்டரைக்குச் சுருண்டு படுத்த பிள்ளைக்குப் பதினாறு வயதில் பதினோரு மணிக்குத்தான் கண் சொக்கும். இதில் சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை. ஆனால் 13 முதல் 18 வயது வரை தினம் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், அதுதான் சிக்கல்.

1. ஒரு வாரம் எழுதி வையுங்கள்

நாள்காட்டித் தாளிலேயே எழுதலாம். எத்தனை மணிக்குத் தூங்கினான், எழுந்தான், பகலில் எவ்வளவு நேரம் தூங்கினான், கடைசி டீ எப்போது, அவ்வளவு போதும். இதற்கென்று வருகிற செயலி எதுவும் வேண்டாம், அதைப் பார்க்கவே ராத்திரி செல்லை எடுக்க வேண்டிவரும். லீவு நாளில் யாரும் எழுப்பாமல் அவனாக எழுகிற நேரத்தை மட்டும் வட்டம் போட்டு வையுங்கள். என் மகனுக்கு அது காலை பத்து மணி.

2. சாயங்காலத்தைச் சரி செய்யுங்கள்

டியூஷன் முடிந்து கடையில் குடிக்கிற டீயை நிறுத்தச் சொல்லுங்கள். குடித்த காபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விளக்கு வைக்கிற நேரம் வரை தூங்குவதையும் விடவேண்டும். ரொம்ப அசதியாக இருந்தால் அரை மணி நேரம், அதுவும் நாலு மணிக்கு முன்னால்.

3. எழுகிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவாருங்கள்

நான் தவறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காலை வெளிச்சம் பட்டால் உடம்புக் கடிகாரம் முந்தும், அதாவது ராத்திரி தூக்கம் சீக்கிரம் வரும் என்று படித்துவிட்டு மறுநாளே விடியாத ஐந்தரைக்கு அவனை எழுப்பிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வாரம் விடாமல் போனோம். தலைவலி, வகுப்பில் தூக்கம், ராத்திரியோ ஒரு மணி ஒன்றரை ஆனது.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. நாமாக எழுகிற நேரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னால் உடம்புச் சூடு ஆகக் குறைவாக இருக்கும். அதற்குப் பிறகு கண்ணில் படுகிற வெளிச்சம் கடிகாரத்தை முந்தவைக்கும், அதற்கு முன்னால் பட்டால் பிந்தவைத்துவிடும். தானாகப் பத்து மணிக்கு எழுகிறவனுக்கு ஐந்தரை என்பது நடுச்சாமம் மாதிரி. நான் நல்லது என்று நினைத்துச் செய்ததே எதிராகத் திரும்பிவிட்டது.

கோடை விடுமுறையில் மறுபடி தொடங்கினோம். முதல் இரண்டு நாள் பத்து மணிக்கு எழுப்பினேன், அடுத்த இரண்டு நாள் 9.40, அப்புறம் 9.20. இரண்டு நாளுக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் ஆசைப்படக்கூடாது. எழுந்ததும் அரை மணி நேரம் வெளியில். சித்திரை வெயிலில் பத்து மணிக்கு யாரும் மணலில் நிற்க முடியாது, எங்கள் வாசல் பூவரச மரத்தடியில்தான் உட்கார்ந்தான். மர நிழலாக இருந்தாலும் வீட்டு டியூப்லைட்டைவிடப் பல மடங்கு வெளிச்சம் அங்கே உண்டு. ஆறு மணிக்கு வந்து சேர ஒரு மாதத்துக்குக் கிட்ட ஆனது. ஞாயிறும் திருவிழாவும் இதில் சேர்த்திதான், ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி எழுந்தால் பழையபடி பிந்தத் தொடங்கிவிடும்.

ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவது, நாளுக்கு ஐம்பது நிமிடம் போலப் பிந்தி வரும் என்பது கடற்கரைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். மனுச உடம்பின் கடிகாரமும் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம், விட்டால் அதுவும் பிந்திக்கொண்டேதான் போகும். ஓதத்தை நாம் இழுத்துக் கட்ட முடியாது, இதைக் காலை வெளிச்சத்தால் இழுத்துக் கட்டலாம். இப்படிச் சொன்னதும் என் மகனுக்குச் சட்டென்று பிடிபட்டது.

4. ராத்திரி இரண்டரை மணி டியூப்லைட்

இது எங்களைப் போலக் கடலுக்குப் போகிற வீடுகளுக்கு. அவர் மூன்று மணிக்குக் கிளம்புவார் என்றால் இரண்டரைக்கே நான் டியூப்லைட்டைப் போட்டுவிடுவேன். வீட்டில் ஒரே கூடம், அந்த வெளிச்சம் நேராக மகன் முகத்தில் விழும். அவன் போர்வையை இழுத்து மூடிக்கொள்வதைத் தினமும் பார்த்திருக்கிறேன், அது அவன் தூக்கத்தைத் தள்ளிவிடும் என்று தோன்றவே இல்லை.

இப்போது சோற்றுத் தூக்குச்சட்டி, தண்ணீர் கேன், வெற்றிலைப் பை எல்லாம் ராத்திரியே வாசல் பக்கம் தயாராக இருக்கும். அடுப்படியில் மஞ்சள் நிற ஜீரோ வாட் பல்பு மட்டும்தான், கட்டுச்சோறு கட்ட அதுவே தாராளம். மகனின் பாயைப் பீரோவுக்கு மறுபக்கம் மாற்றிப் போட்டு நடுவில் பழைய சேலையைத் திரையாகக் கட்டினோம். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அந்தக் காசில் ஒரு பல்பும் பேட்டரி அலாரம் கடிகாரமும் வாங்கிவிடுங்கள். அலாரத்துக்காக என்று செல் தலைமாட்டுக்கு வருவது அதோடு நின்றுவிடும்.

5. தூக்கம் வராமல் படுக்க விடாதீர்கள்

ஒன்பது மணிக்கே "போய்ப் படு" என்று விரட்டியது என் இன்னொரு தவறு. படுத்து இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பாயைக் கண்டாலே முழிப்பு வருகிற பழக்கம் வந்துவிடும். என் மகன் திண்ணையில் மங்கிய வெளிச்சத்தில் ஓலை விசிறியோடு உட்காருவான், சில நாள் அப்பாவின் வலைக்கயிற்றில் முடிச்சுப் போடுவான், கண் சொக்கியதும் உள்ளே வருவான். படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் உடம்பு பிறகு குளிர்ந்து தூக்கம் சுலபமாக வரும். புழுக்கம் தாங்காத நாட்களில் மொட்டை மாடியில் பாய், கொசுவலை.

இப்போது பத்தே முக்காலுக்குத் தூங்கிவிடுகிறான், ஆறரைக்குள் எழுந்துவிடுகிறான். எட்டு மணி நேரம் தாண்டவில்லை, ஆனால் முகம் தெளிந்துவிட்டது.

பிறகு சேர்த்தது: பள்ளிக்கூடம் நடக்கும்போது பத்து மணி வரை எப்படித் தூங்கவிடுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். முடியாதுதான். பள்ளிக்கூட நாளில் எழுகிற நேரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமையை அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்துங்கள், நடுராத்திரி வெளிச்சத்தை எடுத்துவிடுங்கள். மெதுவாகத்தான் மாறும், விடுமுறை வந்ததும் மூன்றாம் படியைச் செய்யலாம்.

இன்னொன்று: கீழக்கரையிலிருந்து ஓர் அக்கா நோன்பு மாதத்தைப் பற்றிக் கேட்டார்கள். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்போது கண்ணில் அடிக்கிற வெளிச்சம் வேண்டாம், தொழுகை முடிந்து பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கிடைக்கிற நேரத்தைப் பிள்ளைகள் தூங்கட்டும். பெருநாள் கழிந்ததும் பழைய நேரத்துக்கு ஒரே நாளில் இழுக்காமல் அதே இருபது நிமிடக் கணக்கில் வாருங்கள்.

மிக முக்கியம்: தன் மகள் தூங்குவதும் இல்லை, சாப்பிடுவதும் இல்லை, யாரோடும் பேசுவதும் இல்லை என்று ஒரு தாய் எழுதியிருந்தார். அம்மா, அது வெளிச்சத்தால் சரியாகிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை. 14416 டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு இன்றைக்கே பேசுங்கள், இலவசம்தான், தமிழிலேயே பேசலாம். குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிற பிள்ளைகளையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மருந்துக் கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.