குப்பைக்குக் கிடங்கு வெட்டாதீர்கள், கொளுத்தாதீர்கள்: வன்னிக்குக் குடிவருபவர்களுக்கு

வெளிநாட்டில் பல வருடம் இருந்தவர்களும் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பியவர்களும் இப்போது இலங்கையின் வடக்கே, வன்னியில், அப்பா அம்மாவின் காணியில் வந்து வீடு போடுகிறார்கள். கிணறு, மின்சாரம், வேலி எல்லாம் ஒருவாறு ஒழுங்காகிவிடும். பிறகு ஒரு நாள் முற்றத்தில் நின்று கேட்பார்கள்: "இந்தக் குப்பையை எங்கை கொண்டுபோய்ப் போடுறது?"

நானும் அப்படிக் கேட்டவன்தான். ஜேர்மனியில் வெற்றுப் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சதம் கையில் வரும், பழைய பற்றறி போட ஒவ்வொரு கடையிலும் பெட்டி இருக்கும். கிளிநொச்சியில் உள்ள வட்டக்கச்சிக்கு வந்த முதல் கிழமை பக்கத்து வளவு மாமி சொன்னா: "தம்பி, மூலையிலை ஒரு கிடங்கை வெட்டிப் போட்டுக் கொளுத்திவிடுங்கோ." அவ நல்ல மனதோடுதான் சொன்னா. ஊரில் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் வன்னிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் முதலில் மறுத்துச் சொல்வது இதைத்தான்.

காரணம் நிலம். 2009 மே மாதம் போர் முடிந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலை கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அதற்குப் பிறகும் பல வருடங்களாக நடக்கிறது. உங்கள் காணி துப்புரவாக்கி ஒப்படைக்கப்பட்டதாகவே இருக்கட்டும். தேடுவது ஒரு குறித்த ஆழம் வரைதான். அதற்குக் கீழே வெடிக்காத எறிகணை ஒன்று கிடக்காது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். குப்பைக்கு நெருப்பு வைத்தபோது மண்ணுக்குள் கிடந்தது சூடேறி வெடித்து ஆட்கள் காயப்பட்ட செய்திகளை இங்கே நாங்கள் வாசித்திருக்கிறோம். அதனால் புதுக் கிடங்கு வெட்டாதீர்கள், வெறும் நிலத்தில் நெருப்பு மூட்டாதீர்கள். மழைக்குப் பிறகு மண்ணிலிருந்து ஏதாவது துருப்பிடித்த உலோகம் எட்டிப் பார்த்தால் தொடவோ, தட்டவோ, தூக்கித் தூர வைக்கவோ கூடாது. இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, வந்த வழியாலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ 119 இல் பொலிசுக்கோ சொல்லுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பயம் அவர்களுக்குத் தெரியாது. பழைய இரும்புக்கு விலை இருக்கிறது என்று காட்டுப்பக்கம் பொறுக்கப் போகிறவர்களோடு சேரவும் வேண்டாம், அப்படிப் பொறுக்கியதை வாங்கவும் வேண்டாம்.

இன்னொரு காரணம் கிணறு. குடிக்கிற தண்ணீரும் குப்பைக் கிடங்கும் ஒரே வளவுக்குள்தான். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது, பல வருடங்களுக்கு முன் புதைத்த சொப்பிங் பைகளும் மருந்துப் போத்தல்களும் மிதந்து வந்ததைக் கண்ணால் பார்த்தேன். புதைத்தது அங்கேயே இருக்கும் என்று நாங்கள்தான் நினைத்துக்கொள்கிறோம்.

சரி, வேறென்ன வழி? உங்கள் வீதிக்குப் பிரதேச சபையின் வண்டி வருமா, எந்த நாள், எதை எடுக்கும் என்று முதல் கிழமையே சபையில் நேரே போய்க் கேளுங்கள். பட்டினத்தை அண்டிய இடமென்றால் பெரும்பாலும் வரும், உள்ளே போகப் போகக் குறையும். பொது இடங்களில் நிறத் தொட்டிகள் இருந்தால் பச்சை உக்கக்கூடியதற்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்ரிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் உலோகத்துக்கு.

ஆனால் வன்னியில் உண்மையான மீள்சுழற்சி நடப்பது பழைய இரும்புக்காரரின் தராசில். சைக்கிளிலோ லான்ட்மாஸ்ரர் என்ற சிறிய உழவு இயந்திரத்திலோ வருகிற அந்த மனிதரை மரியாதையாகக் கூப்பிட்டுப் பழகிக்கொள்ளுங்கள். இரும்பு, தகரம், அலுமினியம், செம்பு, போத்தல், காட்போட் மட்டை, வாகனப் பற்றறி எல்லாவற்றையும் நிறுத்துக் காசு தருவார். நனையாமல், வகை பிரித்து, உரப்பைகளில் கட்டி வைத்தால் அவருக்கும் இலேசு, உங்களுக்கும் விலை. இரண்டு விடயத்தில் மட்டும் கவனம். வாகனப் பற்றறியை உடைக்காமல் முழுதாகக் கொடுங்கள். உள்ளே கந்தக அமிலமும் ஈயமும் இருக்கின்றன. கரையோரத்தில் சிலர் வலைக்குக் குண்டு வார்க்க அந்த ஈயத்தை வீட்டு அடுப்பிலேயே உருக்குகிறார்கள். ஈயப் புகையும் தூசும் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதேபோல் செம்பு எடுக்கவென்று வயரை எரிக்காதீர்கள். மேலே இருக்கிற பி.வி.சி. எரிந்தால் டயொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வயரை அப்படியே நிறுத்துக் கொடுக்கலாம், விலை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

அவர் எடுக்காத பொருட்கள்தான் பெரும்பாடு. ரோர்ச் பற்றறி, போன் பற்றறி, மின்குமிழ், பழுதாய்ப்போன சார்ஜர், ரிமோட். இவற்றுக்கு எங்கள் வீட்டில் மூடியுள்ள ஒரு பெயின்ற் வாளி இருக்கிறது, மழையும் வெயிலும் படாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல். பற்றறிகளின் முனைகளுக்கு ரேப் ஒட்டிப் போடுவோம். வீங்கிய போன் பற்றறியை அந்த வாளிக்குள் போடுவதில்லை. அது தானாகவே தீப்பற்றலாம் என்பதால் மணல் நிரப்பிய தகரப் பேணியில், வீட்டுக்கு வெளியே வைத்து, முதல் சந்தர்ப்பத்திலேயே போன் திருத்தும் கடைக்காரரிடம் கேட்டுக் கையளிப்போம். பழைய சுருள் மின்குமிழ்களில் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. ஒன்று உடைந்தால் எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவு யன்னலைத் திறந்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். தும்புத்தடியால் கூட்டாமல் மட்டைத் துண்டால் அள்ளி, மிச்சத் தூளை ரேப்பால் ஒற்றி எடுத்து, போத்தலில் போட்டு மூடுங்கள். வாளி நிறைந்ததும் பிரதேச செயலகத்தில் இருக்கிற சுற்றாடல் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபை இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது, அப்படிப்பட்டவர் எப்போது, எங்கே எடுப்பார் என்பதை அங்கே விசாரிக்கலாம். ஒரு வருடம் காத்திருக்க வேண்டி வந்தாலும் காத்திருங்கள். மூடிய வாளிக்குள் இருக்கிற பாதரசம் கிணற்றுக்குள் போகாது.

வயலோ தோட்டமோ செய்யப்போகிறீர்களென்றால் அடுத்தது பூச்சிமருந்துப் போத்தல். வாய்க்கால் கரையில் எறிந்து கிடப்பதைக் காண்பீர்கள், காணும்போது எனக்கு வயிறு எரியும். மருந்து முடிந்தவுடனேயே போத்தலில் கால்வாசி தண்ணீர் விட்டு, மூடி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரை விசிறும் தாங்கிக்குள்ளேயே ஊற்றுங்கள். மூன்று முறை இப்படி. வாய்க்காலில் கழுவக் கூடாது. பிறகு அடியில் துளைத்துவிடுங்கள், அப்போதுதான் அதில் யாரும் மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வாங்கி வைக்கமாட்டார்கள். துளைத்ததைத் தனிச் சாக்கில் சேர்த்து வைத்து, விவசாய போதனாசிரியரிடமும் மருந்து வாங்கிய கடையிலும் யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள்.

காலாவதியான மாத்திரைகளைக் கக்கூசிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் வைத்தியசாலை மருந்தகத்தில் கேளுங்கள். இன்சுலின் ஊசிகள் தடித்த பிளாஸ்ரிக் போத்தலுக்குள், மூடியோடு, கிளினிக் போகும்போது கொண்டுபோய்க் கொடுங்கள்.

மெல்லிய பிளாஸ்ரிக்கை யாருமே நிறுத்து வாங்கமாட்டார்கள். பால்மாப் பைக்கற்று, பிஸ்கற் உறை எல்லாம் பிளாஸ்ரிக்கும் அலுமினியமும் படை படையாக ஒட்டியவை, பிரிக்க முடியாது. 2017 செப்ரெம்பர் 1 முதல் சோறு கட்டும் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் இலங்கையில் தடை, திறந்த வெளியில் பிளாஸ்ரிக் எரிப்பதும் தடை. ஆனாலும் சொப்பிங் பை வீதியெங்கும் கிடக்கிறது, அதைத் தின்பது கட்டாக்காலி மாடு. மிச்சச் சோற்றைப் பைக்குள் கட்டி எறிந்தால் மாடு பையோடு விழுங்கும். அது இரைப்பையில் திரண்டு நிற்கும், அசைபோட முடியாமல் மாடு மெலிந்து சாகும். மிச்சச் சோற்றைத் தனியே கொட்டுங்கள், பையைக் கழுவிக் காயவைத்து மறுபடி பாவியுங்கள். சந்தைக்குப் பனையோலைக் கடகமோ துணிப்பையோ கொண்டு போங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும்போது வீட்டிலிருந்தே தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள்.

மாரி தொடங்க முன் வளவைச் சுற்றி ஒரு நடை நடவுங்கள். பழைய ரயர், சிரட்டை, தகரப் பேணி, தயிர்ச்சட்டி எதிலும் தண்ணீர் நிற்கக் கூடாது. டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்தின் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், ஊற்றினால் போதாது, உரஞ்சிக் கழுவ வேண்டும். பொதுச் சுகாதார பரிசோதகர் வந்து கண்டால் வழக்கும் வரும்.

இன்னும் வந்து சேராதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொன்ரெயினரில் பழைய சாமான் கட்டி அனுப்பாதீர்கள். இங்கே மின்சாரம் 230 வோல்ற். கனடாவின் 120 வோல்ற் மிக்சியும் மைக்ரோவேவும் நேரே செருகினால் எரிந்துபோகும், செருகும் தலையும் பொருந்தாது. ஒரு வீட்டில் அப்படி வந்த ஏழு சாமானைக் கொட்டிலுக்குள் பார்த்தேன், ஒன்றுகூட ஒரு நாள் ஓடவில்லை, இரும்புக்காரர் ஏற்றவும் இல்லை. அந்த இடத்தில் மீள சார்ஜ் பண்ணும் பற்றறி எட்டு, அதற்கு 230 வோல்ற்றில் வேலை செய்கிற சார்ஜர் ஒன்று, நல்ல துணிப்பைகள் நாலைந்து கொண்டு வாருங்கள். வாளியை இங்கே வாங்கலாம்.